இரைச்சல் இல்லாத ரெசிஸ்டர்

ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயரில் கருகிப்போன ரெசிஸ்டருக்கு மாற்று ஒன்றைக் கணவர் ஒருவழியாகத் தேடிப் பிடித்தார்.

"கார்பன் ரெசிஸ்டரா? மெட்டல் ஃபிலிம் வகைன்னா இரைச்சல் கம்மியாச்சே" என்றாள் மனைவி.

அட, இவளுக்கு இதெல்லாம் தெரியுமா? சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடை கடையாக ஏறி இறங்கி, அதையும் வாங்கி வந்தார்.

"இதோட மதிப்பு ஒரு சதவீதம் கூடக்குறைய இருக்குமே. அரை சதவீதத்துல வெளிநாட்டுலேர்ந்து வரவழைங்க. மெதுவா வரட்டும், என்ன அவசரம்?"

தன் ரசனை அவளுக்கும் ஒட்டிக்கொண்டதே என்று பூரித்தபடி, தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனார். உள்ளே அவள் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அது சரியாயிட்டா, ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டுக் கூடவே பாட ஆரம்பிச்சுடுவாருடி. அவர் பாடுறது அவருக்குக் கேட்காது. எங்களுக்குக் கேட்குமே."