விற்பனைக்கு மழை

"மழைச் சத்தம் இருக்கா தம்பி?" என்று கேட்டார், விளம்பரம் பார்த்துப் பழைய ஹோம் தியேட்டர் வாங்க வந்த பெண்மணி.

இளைஞன் ரிசீவரின் குமிழைத் திருகினான். ஐந்து ஸ்பீக்கரிலும் மழை பிடித்துக்கொண்டது. கூடமே மெல்ல நனைவது போலிருந்தது. அவர் கண்களை மூடிக்கொண்டார்.

"விலை கம்மியான செட்டுதாம்மா. ஆனா ஒரு குறையும் கிடையாது."

"அப்புறம் ஏன் விக்கிறீங்க?"

"நான் குடிவந்ததுலேர்ந்து, இதுல இந்த மழையைப் போட்டாலே பக்கத்து வீட்ல சுவரைத் தட்டுறாங்க. சத்தத்தைக் குறைச்சா இன்னும் பலமாத் தட்டுறாங்க! எதுக்கு வம்பு? நீங்களாவது நிம்மதியாக் கேளுங்க. கொண்டுபோக வண்டி சொல்லட்டுமா?"

"வண்டி எதுக்கு? பக்கத்து வீடுதான்."



கண் திறக்காமலே சிரித்தார் அவர்.

"இந்த மழையிலதான் தம்பி எனக்குக் கண்ணு சொக்கும். சரியாக் கேக்கலைன்னுதானே தட்டினேன்!"