ராணி கோட்டையில் கம்பளம்

"அப்பா, சீமையில ராணி கோட்டைக்குள்ள என்ன இருந்துச்சு?"

மகள் பொன்னழகு கேட்டாள். மறுநாள் அவள் அதை வகுப்பில் சொல்ல வேண்டும்.

மில் பயிற்சிக்காக 1968இல் மூன்று மாதம் இங்கிலாந்து போய் வந்தவர் கருத்தையா. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா பஸ்ஸில் போய்க் கோட்டையையும் ஆக்ஸ்போர்டு கல்லூரியையும் பார்த்ததாகக் காரைக்குடி முழுக்கச் சொல்லியிருந்தார்.

"கம்பளம்" என்றார்.

"அப்புறம்?"

"இன்னொரு கம்பளம்."

மனைவி அன்னக்கிளி சிரித்தாள். "கம்பளம் பாக்கவா அம்புட்டுத் தூரம் போனீக? காலேஜுல?"

"அங்குட்டு வெறும் கல்லுத்தரை. ஓடியாந்துட்டேன்."

"நான் என்னத்தப்பா சொல்றது?" பொன்னழகின் கண் கலங்கியது. அதற்குமேல் அவரால் கௌரவம் பார்க்க முடியவில்லை.

"உள்ள கோயில் இருக்குன்னு கைடம்மா சொன்னாக, தாயி. ரெண்டு எடத்துலயும் வாசல்லயே பூட்ஸைக் கழட்டிட்டேன். தரை ஐஸா குளிருது. கால் வைக்க எடம் தேடவே நேரம் சரியாப்போச்சு."

"பூட்ஸ் தொலையலையா?"

"கோட்டை வாசல்ல நல்ல மழை. பஸ் டிரைவர் அதை எடுத்து, காகிதம் திணிச்சு, இஞ்சின் பக்கத்துல காயவச்சுக் குடுத்தாரு. யாருகிட்டயும் சொல்லிச் சிரிக்கல. எனக்கிருந்த வெக்கத்துல நன்றிகூடச் சொல்லல."

"இதையே சொல்றேம்ப்பா!"

அந்த வெள்ளிக்கிழமை மூவரும் கோவிலூர் கோயிலுக்குள் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கருத்தையா மட்டும் வெளியே வந்தார். வாசலில் ஆளில்லை. நனைந்துகொண்டிருந்த ஊரார் செருப்புகளை ஜோடி மாறாமல் எடுத்துக் கூரைக்கடியில் வைத்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சாமி கும்பிடப் போனார்.