உபயம்

ஆண்டு விழா முடிந்ததும் வெற்றிக் கோப்பை தலைமை ஆசிரியர் அறை பீரோவுக்கே திரும்பியது.

"ஏன் உர்ருன்னு இருக்கே?" என்றது துடைக்கிற துணி.

"மூணாங்கிளாஸ் வெண்மதி வெறுங்காலோட ஓடி ஜெயிச்சா. போட்டோ எடுத்த கையோட அவகிட்டேருந்து என்னைப் பிடுங்கிட்டாங்க. அம்மாகிட்ட ஒரு தடவை காட்டிட்டுத் தரேன்னு அழுதா. ஒருத்தர் காதிலயும் விழலை."

"வருஷா வருஷம் நடக்கிறதுதானே."

"என் மேல 'உபயம்: அரிசி மில் தணிகாசலம்'னு வெட்டியிருக்கே, ஓடினது அவரா?"

துணி வேலையைத் தொடங்கியது.

"வெண்மதியோட கைரேகையையாவது விட்டுவை. அவ ஜெயிச்சதுக்கு என் மேல இருக்கிற அடையாளம் அது ஒண்ணுதான்."

துணி அழுத்தித் துடைத்தது. தணிகாசலத்தின் பெயர் பளபளவென்று மின்னியது.