ஒரு கடலையின் பொருட்டு

கடைசிக் கவளத்தை உருட்டிய கை இலையிலேயே நின்றது.

அவன் நாற்காலியின் முதுகை யாரோ பிடித்திருந்தார்கள்.

அதில் புதுமை ஒன்றும் இல்லை. மறுவீட்டு விருந்தில் முதல் பந்தி முடியும் முன்பே, அடுத்த பந்திக்காரர்கள் ஆளுக்கொரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். யார் இலை சீக்கிரம் காலியாகும் என்று கணித்து நிற்பது ஒரு கலை. கணிப்பு தப்பினால் மாற முடியாது. அடுத்த நாற்காலியில் வேறொரு கை இருக்கும்.

இந்தக் கையில் பச்சைக்கல் மோதிரம்.

சிவசைலநாதன் சார்.

கல்லூரியில் ‘முழுமையாக வாழ்தல்’ என்ற கட்டாயப் பாடத்தை நடத்தியவர். செய்முறைத் தேர்வுக்கு ஆளுக்கொரு வேர்க்கடலை கொடுத்தார். கண்ணை மூடி, அது பாலாகும் வரை மெல்ல வேண்டும்.

அன்று காலை அவன் சாப்பிட்டிருக்கவில்லை. விழுங்கிவிட்டான்.

“மாடுகூட அசைபோடும் டே” என்றார் சார். வகுப்பே சிரித்தது.

பெயில்.

இயந்திரவியலில் தேறியவன், கணிதத்தில் தேறியவன், கடலையில் விழுந்தான். பட்டம் தள்ளிப்போனது. சென்னையில் உறுதியாகியிருந்த வேலை அவனுக்காகக் காத்திருக்கவில்லை. இப்போது பார்க்கும் வேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை.

பழிவாங்க எத்தனையோ வழி யோசித்து வைத்திருந்தான். சாரே பசியோடு வந்து பின்னால் நிற்பார் என்பது அவற்றில் இல்லை. அவ்வளவு பேராசை அவனுக்கு இருந்ததில்லை.

கவளத்தை நான்காகப் பிரித்தான்.

ஒரு பங்கை வாயில் இட்டு, கண்ணை மூடி, மென்றான்.

“அண்ணே, மோர் விடவா?” பரிமாறுகிறவர் குனிந்தார்.

“சொதிக் குழம்பு விடுங்க. சோறும்.”

நாற்காலி லேசாக முனகியது.

பக்கத்து இலையில் சுடலைமுத்து. அதே வகுப்பு. கடலையில் முதல் மதிப்பெண்.

“ஏல, எந்திரில. பின்னால சார் நிக்காரு.”

“சாப்பிடும்போது பேசப்படாதுல. சார்தான சொல்லித் தந்தாரு.”

“சோத்தைப் போயி இந்த மெல்லு மெல்லுத? பல்லு போயிரும்ல.”

சுடலைமுத்து இலையை மூடிவிட்டு எழுந்தான். வரிசையில் மற்றவர்களும் எழுந்தார்கள். அவன் எழவில்லை. கடைசி ஆளும் எழுந்தால்தான் மேசை விரிப்பைச் சுருட்ட முடியும். சுருட்ட வந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடுத்த பந்தி மொத்தமும் நின்றது. சாப்பிடுகிறவனை எழுப்பும் பழக்கம் அந்த ஊரில் இல்லை.

உருளைக்கிழங்கு வறுவலை ஒவ்வொரு துண்டாக எடுத்தான். எடுத்ததைப் பார்த்தான். பார்த்த பிறகே வாயில் வைத்தான்.

சாரின் செல்போன் அடித்தது.

“இந்தா, கெளம்பிட்டேன். ரோட்டரி ஹால்தானே? ஆமா, தலைப்பு அதேதான். ‘இந்த நொடியில் இரு.’”

இஞ்சிப் பச்சடியை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தான்.

பச்சைக்கல் மோதிரம் நாற்காலிக் கம்பியில் தாளம் போடத் தொடங்கியது. ஒவ்வொரு தட்டும் அவன் முதுகெலும்பில் ஏறி, இனித்தது. இதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, தூக்கம் வராத நாட்களில் கேட்கலாம்.

தாளம் வேகமெடுத்தது.

பிறகு, குரல். காதுக்கு மிக அருகில்.

“தம்பி, முழுங்கிட்டு எந்திரிப்பா.”

முழுங்கிட்டு.

எல்லாம் கிடைத்துவிட்டது. இனி திரும்ப வேண்டும். சாரின் முகத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். மாடு அசைபோடுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வார்த்தையைத்தான் பேருந்திலும் குளியலறையிலும் விதவிதமான குரலில் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

வாயில் சோறு இருந்தது. முடித்துவிட்டுத் திரும்பலாம்.

மென்றான்.

தேங்காய்ப்பால் முதலில் வந்தது. சும்மா ஒரு இனிப்பு. அது கரைகிற இடத்தில் எலுமிச்சை. இரண்டுக்கும் அடியில், யாருக்கும் தெரியாமல் ஒளிந்திருந்த பச்சை மிளகாய், மெல்லத் தலை தூக்கியது.

கண்ணைத் திறந்து இலையைப் பார்த்தான்.

வெள்ளையும் இளமஞ்சளுமாகச் சொதி. அதில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு, பாதி மூழ்கி.

தினமும் செல்போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவன். மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று அம்மா கேட்டால், யோசித்துவிட்டுத்தான் சொல்வான். சில நாள் யோசித்தும் சொல்ல வராது.

முருங்கைக்காயை எடுத்துப் பிளந்தான். உள்ளே சதை, விதை, சூடு. பல்லால் வழித்தான். விதை ஒவ்வொன்றாக உடைந்தது.

பரிமாறுகிறவர் தயக்கத்தோடு வாளியை நீட்டினார். தலையாட்டினான்.

உண்மையிலேயே பசித்தது.

பின்னால் யாரோ என்னவோ கேட்டது போலிருந்தது.

மென்றுகொண்டிருந்தான்.