பின்பக்கம்

1999 மே 27, கீழமணல்குடி. சாலை மறியலால் அன்று ஊருக்குள் ஒரு நாளிதழும் வரவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு நாளிதழில்தான் வெளியாகியிருந்தது.

அங்கன்வாடி உதவியாளர் மரியபுஷ்பம் மூன்றாவது தடவையாகத் தேர்வு எழுதியிருந்தாள். தேறினால் டீச்சர் வேலை. அடுத்த ஆண்டு வயது வரம்பு தாண்டிவிடும். கேபிள் டிவி நேரலையில், நேயர்கள் போனில் பேசும் நாளிதழ் அலசல் ஓடிக்கொண்டிருந்தது. தொகுப்பாளர் முதல் பக்கத்துத் தண்ணீர் வரிச் செய்தியை வாசிக்க, விரித்த தாளின் பின்பக்கம் கேமராவைப் பார்த்திருந்தது. அதில் பொடிப்பொடியாகத் தேறியவர்களின் எண்கள். அவள் பாய்ந்துபோய் நிகழ்ச்சிக்குப் போன் போட்டாள்.

"வணக்கம்மா, தண்ணி வரி உயர்வு பத்தி என்ன சொல்றீங்க?"

"அது கெடக்கட்டும்ணே, பேப்பரை ஆட்டாமப் புடிங்க! பின்னாடி என் நம்பர் 618204 இருக்கான்னு பாக்கணும்."

"நிகழ்ச்சி உங்களுக்கா, ஊருக்காம்மா?"

"ஊருக்கே பேப்பர் வரலண்ணே!"

தொகுப்பாளர் சிரித்துவிட்டார். கேமரா நெருங்கி வந்தது. எண்கள் திரை முழுக்கப் பெருத்தன. "கீழ, இன்னும் கீழ!" என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கத்தினார்கள். டிவி கண்ணாடியில் அவள் விரல் வரிவரியாக இறங்கி, 618204-இல் நின்றது.

தண்ணீர் வரி அன்று அலசப்படவில்லை.