கூப்பிடாத எண்

ரத்தினபாய் பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கணவரின் மூடிய கண்கள்மேல் வைத்தாள். தலைக்குக் கீழே இன்னொரு தலையணையைச் செருகினாள். ஃபேனை நிறுத்தினாள்.

"கொஞ்ச நேரம் இப்படியே இருங்க. வெளியில நான் பாத்துக்கறேன்" என்று அவர் காதருகே சொல்லிவிட்டு வந்து கதவைச் சாத்தினாள். அறையின் இன்னொரு கதவால் சமையலறைப் பக்கம் வெளியே வந்த டாக்டர் சத்யபிரியா, குழாயடியில் கை கழுவிக்கொண்டு ஹாலில் போய் உட்கார்ந்தாள்.

ஹாலில் மகளிர் சங்கத்தின் அஸ்தினாபுரம் கிளை முழுக்கக் கூடியிருந்தது. முதியோர் இல்லத்துக்குச் சக்கர நாற்காலிகள் வாங்க நிதி திரட்டும் தம்போலா ஆட்டம். வீடு ரத்தினபாயுடையது, எண் கூப்பிடுவதும் அவள்தான்.

"அண்ணனுக்கு என்ன அக்கா?" என்றாள் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்த சுஜி.

"கண்ணுல பஞ்சு வெச்சிருக்கேன்."

"மெட்ராஸ் ஐ-யா? எங்க அபார்ட்மெண்ட்ல மூணு வீட்டுல இருக்கு. யாரும் அந்தப் பக்கம் போகாதீங்கப்பா."

ரத்தினபாய் மறுக்கவில்லை.

மெட்ராஸ் ஐ பார்ப்பதால் பரவுவதில்லை. கண்ணைத் தொட்ட கை, அந்தக் கை தொட்ட துண்டு, கதவின் கைப்பிடி, இப்படித்தான் அது அடுத்த கண்ணுக்குப் போகிறது. ஆனாலும் பேரைக் கேட்டதுமே எல்லோரும் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

மாடியிலிருந்து தேவானந்தம் இறங்கி வந்தார். ரத்தினபாயின் கணவர் ஏசுபாதத்துக்கு அண்ணன். போன வாரம்தான் ஒரு கண்ணில் புரை எடுத்திருந்ததால் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நேரே தம்பியின் அறைக்கு நடந்தார்.

ரத்தினபாய் குறுக்கே வந்து நின்றாள். "உள்ள வேணாம் அத்தான். ஆபரேஷன் பண்ண கண்ணு."

"வாசல்ல நின்னு பாத்துட்டு வந்துர்றேன்மா. காபிக்குக்கூட மேல வரல அவன். ஃபேன் சத்தத்தையும் காணோம், வேர்க்காதா?"

"நான்தான் நிறுத்தினேன். பஞ்சு காஞ்சுடும்."

"வலி எதுவும் இல்ல அங்கிள்" என்றாள் டாக்டர், தரையைப் பார்த்துக்கொண்டு.

ரத்தினபாய் ஒரு டிக்கெட்டை அவர் கையில் வைத்து அழுத்தினாள். "ஒரு ஆட்டம் ஆடுங்க அத்தான். முடிஞ்சதும் நானே உள்ள கூட்டிட்டுப் போறேன்."

"இதையாவது கிழிக்காம வெச்சுக்குங்க அங்கிள்" என்றாள் சுஜி. "போன வருஷம் உங்க தம்பி கையெழுத்துப் போட்ட எங்க சங்கத்துக் கார்டை நாலாக் கிழிச்சீங்களே."

"இன்னொண்ணு குடுத்தாலும் கிழிப்பேன். முழுசா வந்தவன் முழுசாத்தான் போகணும்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தார்.

தம்போலா எளிமையான ஆட்டம். பையில் தொண்ணூறு எண் வில்லைகள். ஒவ்வொரு டிக்கெட்டிலும் பதினைந்து எண்கள். கூப்பிடும் எண் தன்னிடம் இருந்தால் அடிக்க வேண்டும், எல்லாவற்றையும் முதலில் அடித்தவருக்கு ஃபுல் ஹவுஸ், அத்தோடு ஆட்டம் முடிந்தது. ஓர் எண்ணைக் கேட்காமல் விட்டால் போனதுதான் என்பதால், டிக்கெட் வைத்திருப்பவர் நாற்காலியை விட்டு எழுவதில்லை. ஆட்டத்தின் வேகமோ பைக்குள் கை விடுபவரிடம் இருக்கிறது.

ரத்தினபாய் மிக மெதுவாகக் கூப்பிட்டாள். "பதினெட்டு. ஓட்டுப் போடற வயசு."

"அடுத்த எலெக்‌ஷனே வந்துடும் போலிருக்கே அக்கா" என்று ஒருத்தி சொல்ல, ஹால் சிரித்தது.

டாக்டர் செல்போனைப் பார்த்துவிட்டு ரத்தினபாயிடம் குனிந்தாள். "குரோம்பேட்டை தாண்டிட்டாங்களாம்."

கொஞ்ச நேரத்தில் பின்பக்கக் கதவு தட்டப்பட்டது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த சுஜி, நீல நிற ஐஸ் பெட்டியோடு நின்ற இரண்டு பேரைக் கண்டாள். "ஐஸ்கிரீம் வந்தாச்சு" என்று அறிவித்தாள். டாக்டர் எழுந்து போய் அவர்களை உள்ளே அழைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி" என்றார் தேவானந்தம். முகம் மலர்ந்திருந்தது. "அறுபத்திரண்டு. தம்பி வயசு."

ரத்தினபாய் பைக்குள் கை விட்டு ஒரு வில்லையை எடுத்தாள். பார்த்தாள். அதை இடது கைக்கு மாற்றி விரல்களை மூடிக்கொண்டாள்.

"முப்பத்தஞ்சு."

"அது அப்பவே கூப்பிட்டாச்சே அக்கா."

"மறந்துட்டேன்." மறுபடி கை விட்டாள். "நாலு. நாற்காலிக்கு நாலு கால்."

அதன்பின் ஒவ்வொரு வில்லையையும் வலது கையால் மட்டுமே எடுத்தாள். ஹாலில் இரண்டு ஃபேன்கள் ஓடியும் மூடிய இடது கை வேர்த்து ஈரமாகியது. ஒவ்வொரு எண்ணுக்கும் தேவானந்தம் டிக்கெட்டைப் பார்ப்பதும், உச்சுக்கொட்டுவதும், தம்பியின் கதவைத் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தார்.

"என்னப்பா இது, ஐஸ் பெட்டியத் திருப்பி எடுத்துட்டுப் போறாங்க?" என்றாள் சுஜி ஜன்னலருகே. "ஒரு கப்புகூட இறக்கலையே."

சமையலறை வாசலில் டாக்டர் வந்து நின்று, ஒரு முறை தலையசைத்தாள்.

ரத்தினபாய் இடது கையை விரித்தாள்.

"அறுபத்திரண்டு."

"ஃபுல் ஹவுஸ்" என்று தேவானந்தம் டிக்கெட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பெண்கள் கை தட்டினார்கள். "தம்பிய எழுப்பும்மா. அவன் வயசுதான் எனக்கு ஜெயிச்சுக் குடுத்துச்சுன்னு சொல்லணும்."

ரத்தினபாய் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அவர் கண்ணைக் குடுத்தாச்சு அத்தான். இனிமே அழலாம்."