அங்கிப் பையில் பாலப்பம்

“ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் பைக்கு.”

சொல்லிக்கொண்டே நவகன்னி ரோஜா பாலப்பத்தை அங்கிப் பைக்குள் திணித்தாள். மட்டாஞ்சேரி கன்னியர் மடத்தின் ஹாலே குலுங்கிச் சிரித்தது. கூன் போட்ட முதுகு, சுருக்கிய கண், இரண்டு பக்கமும் திருட்டுப் பார்வை. அசல் சிஸ்டர் அமலோற்பவமேதான்.

அன்று மாதாவின் பிறந்தநாள் திருநாள். கூடவே சிஸ்டர் அமலோற்பவத்துக்கும் சிஸ்டர் பிலோமினாளுக்கும் துறவற வார்த்தைப்பாடு கொடுத்த பொன்விழா. விழாக்காரர்களைக் கிண்டல் செய்து, துறவுப் பயிற்சியில் இருக்கும் நவகன்னியர் நாடகம் போடுவது மடத்து வழக்கம். அமலோற்பவத்தை எப்படி நடிப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தினமும் சாப்பாட்டு மேஜையிலிருந்து எதையாவது பையில் போட்டுக்கொள்வார். யாரும் பார்க்கவில்லை என்று அவருக்கு நினைப்பு.

பிலோமினாள் நாடகத்துக்குத் தப்பினார். இரண்டு வருஷமாகப் படுக்கை. ஆள் அடையாளம் தெரியாது.

“ரெண்டு ஸ்பூன் கஞ்சியில அவங்க ஜீவன் நிக்குது. மாதாவோட அனுக்கிரகம், வேறென்ன?” என்றார் மதர் லிஸி வாழ்த்துரையில். பிறகு சிரித்தபடி அமலோற்பவத்தின் பக்கம் திரும்பினார். “சிஸ்டரே, இனி ஒளிச்சு எடுக்க வேண்டாம் கேட்டோ. கேட்டா நாங்க தரமாட்டோமா?”

மறுபடியும் சிரிப்பு. கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த அமலோற்பவம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பை அப்போதே புடைத்திருந்தது. உள்ளே கை விட்டு, இருந்த அப்பத்தை எடுத்து, எல்லோரும் பார்க்க மேஜைமேல் வைத்தார்.

ரோஜாவுக்கு விழுந்த கைதட்டல் அவள் காதில் ஏறவில்லை.

மத்தியான விருந்தில் அமலோற்பவம் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். பைக்குள் எதுவும் போகவில்லை. ரோஜா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வயசான காலத்தில் ஏதோ ஆசைக்கு எடுத்தவரின் மானத்தை வாங்கிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் ஒரு தட்டில் பாலப்பம் எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனாள். அமலோற்பவம் பிலோமினாளின் கட்டிலருகே இருந்தார். கையில் கஞ்சிக் கிண்ணம் ஆறிப்போயிருந்தது.

“சிஸ்டர், என்னைய க்ஷமிக்கணும்.”

“நடிப்பு நல்லாத்தான் இருந்துச்சு பிள்ளே.”

“அப்பம் கொண்டுவந்திருக்கேன். சாப்பிடுங்க.”

“எனக்கு எதுக்கு? நான்தான் சுகர்க்காரியாச்சே.”

ரோஜா தட்டைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். “அப்போ... எடுத்ததெல்லாம் இவங்களுக்கா?”

அவசரமாக ஒரு துண்டு பிய்த்து பிலோமினாளின் வாயருகே கொண்டுபோனாள். பிலோமினாள் மிரண்டு, உதட்டை இறுக்கிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“தட்டுல வந்தா தொடமாட்டா. காலையிலேர்ந்து பட்டினி.”

“ஏன் சிஸ்டர்?”

அமலோற்பவம் குரலைத் தாழ்த்தினார். “நவகன்னியா இருந்தப்போ எங்களுக்கு எப்பவும் பசி. இவதான் அடுக்களையில அப்பம் திருடிட்டு வந்து எனக்கும் தருவா. இப்போ எல்லாம் மறந்துபோச்சு, அது மட்டும் நிக்குது. திருடினதுன்னு சொன்னாத்தான் வாயைத் திறப்பா. பொன்விழா கொண்டாடுறவளைத் திருடின்னு வெளிய சொல்லவா? என்னைச் சொல்லிட்டுப் போகட்டும்னு இருந்தேன்.”

ரோஜா அப்பத்தை அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். காலையில் மேடையில் செய்ததுதான். கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மெல்ல வெளியே எடுத்தாள்.

பிலோமினாளின் கண் மலர்ந்தது. “யாரும் பாக்கலையே?”

“யாருமே பாக்கல, சிஸ்டர்” என்றாள் ரோஜா, தலை நிமிர முடியாமல்.